அளவும் அமைவும்: எக்ஸ் கதிர் நிறமாலைக் கருவியின் கதை



இந்த உரையைக் கேட்க அமர்ந்தபோது உங்களில் சிலர் வானொலிப் பெட்டியின் திருகை இப்படியும் அப்படியும் சற்றே திருப்பி, இரைச்சல் அடங்கிக் குரல் தெளிவாக வரும் இடத்தில் நிறுத்தியிருப்பீர்கள். வேறு சிலர் ஒரு பொத்தானை மட்டும் அழுத்தியிருப்பீர்கள். முன்பே தேடிக் கண்ட நிலையத்தை அந்தப் பொத்தான் நினைவில் வைத்திருக்கிறது. காரில் பேட்டரியைக் கழற்றி மாட்டியவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. சில வானொலிப் பெட்டிகள் அன்றோடு எல்லா நிலையங்களையும் மறந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

ஒரு கருவியை இந்த நிலையில் நிற்கட்டும் என்று திருத்தி நிறுத்துவதை இவ்வுரையில் 'அமைவு' என்று சொல்வோம். வானொலியில் அமைவு தவறினால் பாட்டு சரியாகக் கேட்காது. காதே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால், ஒரு பொருளுக்குள் என்ன கலந்திருக்கிறது என்று அளந்து சொல்லும் கருவியில் அமைவு தவறினால் இரைச்சல் எழாது. தவறான எண் ஒன்று சரியான எண்ணைப் போலவே திரையில் வந்து நிற்கும். பார்ப்பவர் நம்பிவிடுவார்.

அப்படி அளந்து சொல்லும் கருவிகளுள் ஒன்றுதான் எக்ஸ் கதிர் நிறமாலைக் கருவி. பெயர் புதிதாகத் தோன்றினாலும் நம்மில் பலர் இதை நேரில் கண்டிருக்கிறோம். நகைக் கடையில் வளையலையோ மோதிரத்தையோ ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். சிறிது நேரத்தில், தங்கம் இத்தனை பங்கு, செம்பு இத்தனை பங்கு, வெள்ளி இத்தனை பங்கு என்று எண்கள் வருகின்றன. 916 என்று முத்திரையிட்ட நகையில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம் இருக்கவேண்டும். அது இருக்கிறதா என்பதை அந்தப் பெட்டி நகையை உருக்காமலும் உரசாமலும் சொல்கிறது. விளையாட்டுச் சாமானின் சாயத்தில் ஈயம் இருக்கிறதா, மண்ணில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இதே வகைக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு குடும்பத்தின் சேமிப்பும் ஒரு குழந்தையின் உடல்நலமும் அது காட்டும் எண்ணை நம்பியிருக்கின்றன.

இக்கருவி எப்படி வந்தது? இதன் அமைவுகளை மனிதர் முதலில் கையாலும், பிறகு திருகாலும், இன்று டிஜிட்டல் செயலியாலும் எப்படி நிறுத்தினர்? நிறுத்தியதை எப்படிக் குறித்து வைத்தனர்? இவற்றை இன்று வரிசையாகக் காண்போம்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ஸ்புர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்கன் என்னும் பேராசிரியர், கண்ணுக்குத் தெரியாத ஒருவகைக் கதிரைக் கண்டார். கறுப்புத் தாளால் மூடிய குழாயிலிருந்து வெளிப்பட்ட அக்கதிர், சற்றுத் தூரத்தில் இருந்த இரசாயனப் பூச்சுத் தட்டை ஒளிரச் செய்தது. அது இன்னதென்று அவருக்குப் புரியவில்லை. ஆகவே, கணக்கில் தெரியாத எண்ணுக்கு இடும் எக்ஸ் என்னும் எழுத்தையே அதற்குப் பெயராக இட்டார். இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு 1901ஆம் ஆண்டில் அவருக்கே கிடைத்தது.

அடுத்து வந்தவர் இங்கிலாந்து நாட்டுச் சார்லஸ் பார்க்லா. எக்ஸ் கதிர் ஒரு பொருளின்மீது பட்டால் அப்பொருளும் தன் பங்குக்கு எக்ஸ் கதிரை வெளியிடுகிறது என்றும், அக்கதிரின் ஊடுருவும் வலிமை பொருளுக்குப் பொருள் மாறுகிறது என்றும் அவர் கண்டார். செம்பு வெளியிடும் கதிர் வேறு, இரும்பு வெளியிடும் கதிர் வேறு. ஒவ்வொரு தனிமத்துக்கும் சொந்தமாக ஒரு குரல் இருப்பதைப் போன்றது இது. இதற்காக 1917ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பார்க்லா பெற்றார்.

குரல் உண்டு என்று தெரிந்தது. ஆனால் குரலைப் பிரித்துக் கேட்கும் காது வேண்டுமே! அந்தக் காதைத் தந்தவர்கள் ஒரு தந்தையும் மகனும். 1912ஆம் ஆண்டில் மாக்ஸ் ஃபான் லவே என்ற ஜெர்மானியர் சொன்ன யோசனைப்படி, படிகத்தின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது புகைப்படத் தகட்டில் புள்ளிக் கோலம் விழுந்தது. அச்செய்தியை அறிந்த வில்லியம் ஹென்றி பிராக், வில்லியம் லாரன்ஸ் பிராக் என்னும் இருவரும் அதன் பொருளை ஆராய்ந்தனர். மழைத்துளி வெயிலை ஏழு நிறமாகப் பிரித்து வானவில் ஆக்குவதைப் போல, படிகம் எக்ஸ் கதிரை அலைநீளத்தின்படி வெவ்வேறு கோணங்களுக்குப் பிரித்து அனுப்புகிறது என்று கண்டனர். 1913இல் தந்தை பிராக் எக்ஸ் கதிர் நிறமாலைக் கருவியை அமைத்தார். 1915இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது மகனுக்கு வயது 25தான்.

அக்கருவியை மனக்கண்முன் கொண்டுவந்து பார்ப்போம். நடுவே சுழலும் மேசை, அதன்மேல் படிகம். ஒரு பக்கத்தில் எக்ஸ் கதிர்க் குழாய். கதிர் புகுவதற்கு ஈயத் தகட்டில் ஓர் இடுக்கு. மறு பக்கத்தில், வந்து சேரும் கதிரை அளக்கும் கலம். படிகத்தை எவ்வளவு திருப்பினோம், இடுக்கை எவ்வளவு அகலத்தில் வைத்தோம், குழாய்க்கு எவ்வளவு மின்னழுத்தம் கொடுத்தோம் என்பவையே அந்நாளைய அமைவுகள். எல்லாம் கைவேலை. அவற்றை நினைவில் வைத்திருந்தது ஒரு குறிப்பேடு. ஆராய்ச்சியாளர் எழுதினால் உண்டு. எழுதாவிட்டால் அன்றைய அமைவு அன்றோடு மறைந்துபோகும்.

இந்தக் காலத்தில்தான் ஹென்றி மோஸ்லி என்னும் இளைஞர் வருகிறார். 1887இல் பிறந்தவர். மான்செஸ்டரில் ரதர்போர்டு என்னும் பேரறிஞரிடம் பணியாற்றியவர். தனிமங்களின் எக்ஸ் கதிர்களை ஒன்றன்பின் ஒன்றாக அளந்துவிட வேண்டும் என்று அவர் துணிந்தார். அளப்பதற்கான தனிமங்களை ஒரு சிறு தள்ளுவண்டியில் வரிசையாக வைத்துக் குழாய்க்குள் அடைத்து, பட்டுநூலால் அந்த வண்டியை இழுத்து இழுத்து, ஒவ்வொன்றாகக் கதிருக்கு நேரே கொண்டுவந்தார். ஒன்றை எடுத்து வேறொன்றை வைக்கக் குழாயைத் திறக்க வேண்டியதில்லை. இதனால் என்ன நன்மை? எல்லாத் தனிமங்களுக்கும் அமைவு ஒன்றாகவே இருந்தது. மாறியது தனிமம் மட்டுமே. ஆகவே, தகட்டில் கோடு நகர்ந்தால் அது தனிமத்தால் நகர்ந்தது என்று துணிந்து சொல்ல முடிந்தது.

1913 டிசம்பரிலும் 1914 ஏப்ரலிலும் அவருடைய இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. தனிமங்களை வரிசைப்படுத்தினால், அவற்றின் எக்ஸ் கதிர் அதிர்வெண்ணின் வர்க்கமூலம் படிக்கட்டு ஏறுவதைப் போல ஒரே அளவாக ஏறுகிறது என்று அவர் காட்டினார். ஒரு படிக்கு ஒரு தனிமம். அந்தப் படி எண்ணே இன்று நாம் பள்ளியில் கற்பிக்கும் அணு எண். கோபால்ட்டின் அணு எடை நிக்கலின் எடையைவிடச் சற்று அதிகம். எடைப்படி வைத்தால் நிக்கல் முன்னும் கோபால்ட் பின்னும் வரவேண்டும். மோஸ்லியின் படிக்கட்டிலோ கோபால்ட் 27ஆம் படி. நிக்கல் 28ஆம் படி. இரசாயனிகள் குணத்தைப் பார்த்து வைத்திருந்த வரிசையே சரி என்று ஆயிற்று.

படிக்கட்டில் சில படிகள் ஆளில்லாமல் கிடந்தன. 43, 61, 75 ஆகிய எண்களுக்குரிய தனிமங்கள் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று மோஸ்லி 1914இல் எழுதினார். 72ஆம் எண்ணைப் பற்றி ஒரு வழக்கும் எழுந்தது. பிரான்ஸ் நாட்டு இரசாயனி ஜார்ஜ் உர்பேன், தாம் கண்ட செல்டியம் என்னும் பொருளைப் புதிய தனிமம் என்று 1911இல் அறிவித்திருந்தார். அவர் அதை எடுத்துக்கொண்டு 1914இல் ஆக்ஸ்போர்டுக்கு வந்தார். பல ஆண்டுகளாக இரசாயன முறையில் பிரித்தெடுத்த பொருளை மோஸ்லியின் கருவி சில நாள்களில் சோதித்துவிட்டது. 72க்கு உரிய கோடு அதில் தெரியவில்லை.

அதே ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. மோஸ்லி படையில் சேர்ந்தார். 1915 ஆகஸ்ட் 10ஆம் நாள், துருக்கியின் கலிப்போலியில், தொலைபேசியில் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில் குண்டு பாய்ந்து மாண்டார். அவருக்கு வயது 27. 1916ஆம் ஆண்டுக்கு இயற்பியல் நோபல் பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை.

ஆள் போய்விட்டார். அவருடைய வேலை போகவில்லை. ஏன்? எந்தப் படிகத்தைப் பயன்படுத்தினார், எந்த முறையில் அளந்தார், எந்தக் கோடு எங்கே விழுந்தது என்பதை எல்லாம் அவர் வெளியிட்டிருந்தார். அவரை ஒருநாளும் நேரில் காணாத ஒருவர்கூட வேறொரு நாட்டில் அதே போன்ற கருவியை அமைத்து, அதே கோடுகளைக் காண முடிந்தது. சுவீடன் நாட்டு மான்னே சீக்பான் இக்கலையை மிக நுட்பமாக வளர்த்து, 1924ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். சீக்பானிடம் பயின்ற டிர்க் காஸ்டர், ஜார்ஜ் ஹெவெசியுடன் சேர்ந்து, கோபன்ஹேகனில் சிர்க்கோனியக் கனிமத்தை ஆராய்ந்து 72ஆம் தனிமத்தைக் கண்டார். 1923இல் அறிவிக்கப்பட்ட அத்தனிமத்துக்கு, கோபன்ஹேகனின் இலத்தீன் பெயரைக்கொண்டு ஹாஃப்னியம் என்று பெயரிட்டனர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1925இல் ஜெர்மனியில் நோடாக், டாக்கே, பெர்க் ஆகிய மூவர் 43ஆம் தனிமத்தையும் 75ஆம் தனிமத்தையும் எக்ஸ் கதிர்க் கோடுகளால் கண்டதாக அறிவித்தனர். 75 உறுதியாயிற்று, அதுவே ரெனியம். 43க்கு மசூரியம் என்று பெயரும் சூட்டினர். ஆனால் அந்த மங்கலான கோடுகளை மற்றவர்களால் மீண்டும் பெற முடியவில்லை. 1926இல் அமெரிக்காவில் 61க்கு இல்லினியம் என்று பெயர் வைத்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. 43ஆம் தனிமத்தை 1937இல் இத்தாலியில் பெரியேரும் செக்ரேயும் கண்டனர். 61ஆம் தனிமம் 1945இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. ஒருவர் கண்டதை இன்னொருவர் மீண்டும் காண முடிந்தால்தான் அது விஞ்ஞானம் என்பதற்கு இவ்வரலாறு நல்ல சான்று.

இனி, கருவி எப்படி மாறியது என்று பார்ப்போம். படிகத்தைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு கோணமாக அளப்பது நேரம் பிடிக்கும் வேலை. 1960களில் வேறொரு வழி பிறந்தது. சிலிக்கான் துண்டு ஒன்றின்மீது எக்ஸ் கதிர்த் துகள் விழுந்தால், அதன் ஆற்றலுக்கு ஏற்ற எண்ணிக்கையில் உள்ளே மின்னேற்றங்கள் விடுபடுகின்றன. எக்ஸ் கதிரின் ஆற்றலைக் கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்னும் அளவால் குறிப்பார்கள். 5.9 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள துகள் ஏறக்குறைய 1,600 எலெக்ட்ரான்களை விடுவிக்கும். ஆற்றல் இரட்டித்தால் எண்ணிக்கையும் இரட்டிக்கும். ஆக, ஒவ்வொரு துகளையும் எடைபோடுவதைப் போல அளந்து, ஆற்றல்வாரியாக வெவ்வேறு பெட்டிகளில் எண்ணிப் போட்டால், எல்லாத் தனிமங்களின் குரலும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். 1966இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தினர் இம்முறையை எக்ஸ் கதிர் ஆய்வுக்குப் பயன்படுத்திக் காட்டினர்.

1,600 எலெக்ட்ரான்கள் என்பது மிக மிகச் சிறிய மின்துடிப்பு. அதைப் பெருக்கவும், உருத்திருத்தவும், எண்ணவும் தனித்தனிப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் முகப்பிலும் திருகுகள். இத்தனை மடங்கு பெருக்கு, இத்தனை மைக்ரோ விநாடி காத்திரு என்று திருகித் திருகி அமைப்பார்கள். அமைத்தபின் குறிப்பேட்டில் எழுதுவார்கள். யாராவது துடைக்கும்போது சட்டைக் கை பட்டுத் திருகு இம்மியளவு நகர்ந்தாலும் குறிப்பேட்டுக்குத் தெரியாது. ஏட்டில் ஓர் அமைவும் கருவியில் வேறோர் அமைவுமாக அளவை நடந்துகொண்டிருக்கும்.

1990களில் டிஜிட்டல் செயலி வந்தது. இது மின்துடிப்பை ஒரு விநாடிக்குப் பல மில்லியன் முறை அளந்து எண்களாக மாற்றிவிடுகிறது. அதன்பின் பெருக்குவதும் சராசரி பார்ப்பதும் வடிகட்டுவதும் கணக்குகளே. 1994இல் ஜோர்டானோவும் நோலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட ஆய்வு, இக்கணக்கை விரைவாகச் செய்யும் வழியை விளக்கியது. திருகுகள் போயின. அமைவுகள் எல்லாம் கணினித் திரையில் எண்களாக வந்து உட்கார்ந்தன.

அந்த எண்களுள் முக்கியமான நான்கினை நமக்குத் தெரிந்த ஒரு காட்சியைக்கொண்டு விளங்கிக்கொள்வோம். தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டு முடிந்து, வாளிகளைச் சுமந்துகொண்டு ஆள்கள் வரிசையில் நிற்கிறார்கள். கிராணி ஒவ்வொரு வாளியாகத் தராசில் ஏற்றி, முள் காட்டுவதைப் பார்த்து, பெயருக்கு நேரே எழுதுகிறார். செயலியும் அந்தக் கிராணி வேலையைத்தான் செய்கிறது. அதற்கு வாளி என்பது ஒரு கதிர்த் துகள்.

முதலாவது, பெருக்கம். தராசின் முகப்பில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே எவ்வளவு எடை என்று வகுத்துக்கொள்வதைப் போன்றது இது. செயலியில் 1,024 பெட்டிகள் இருக்கின்றன என்றும், 100 பெட்டிக்கு ஒரு கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் 5.9 அளவுள்ள துகள் 590ஆம் பெட்டியில் விழவேண்டும். பெருக்கம் சற்றே கூடியிருந்தால் அது 600ஆம் பெட்டிக்குப் போய்விடும். எல்லாக் கோடுகளும் இடம் மாறும். ஒரு தனிமத்தின் கோடு மற்றொன்றின் இடத்தை நெருங்கும்.

இரண்டாவது, வாசல் அளவு. காற்றில் தராசு முள் நடுங்குவதை எல்லாம் எடை என்று எழுதக்கூடாது. இதற்குக் கீழே வருவது வெறும் நடுக்கம், எழுதாதே என்று ஒரு வரம்பு வைக்கவேண்டும். வரம்பு தாழ்ந்துவிட்டால் இரைச்சல் எல்லாம் எண்ணிக்கையில் சேரும். உயர்ந்துவிட்டால், அலுமினியம் போன்ற இலேசான தனிமங்களின் மெல்லிய குரல் அடியோடு விடுபட்டுப்போகும்.

மூன்றாவது, காத்திருக்கும் நேரம். வாளியை வைத்தவுடன் முள் ஆடும். ஆட்டம் அடங்கும்வரை பொறுத்துப் பார்த்தால் எடை துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் வரிசை நகராது. அவசரப்பட்டால் வரிசை நகரும், எடை பிசகும். செயலியிலும் இப்படித்தான். ஒரு துடிப்பைச் சில மைக்ரோ விநாடிகள் கூடுதலாகப் பார்த்தால் நெருங்கிய இரண்டு கோடுகள் நன்றாகப் பிரியும். ஆனால் ஒரு விநாடியில் எண்ணக்கூடிய துகள்களின் தொகை குறையும். எது வேண்டும் என்பது வேலையைப் பொறுத்தது.

நான்காவது, ஒட்டிவரும் துடிப்புகளை விலக்குதல். இரண்டு பேருடைய வாளிகள் ஒரே நேரத்தில் தராசில் ஏறிவிட்டால், இல்லாத ஓர் ஆள் பெயரில் இரண்டு வாளிப் பால் எழுதப்படும். செயலியில் இதனால் வரும் பிழை மிகவும் விசித்திரமானது. இரும்பின் முதன்மைக் கோடு 6.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். இரும்பு மிகுந்த மண்ணை வேகமாக அளக்கும்போது இரண்டு இரும்புத் துகள்கள் ஒட்டி வந்தால், செயலி அவற்றை 12.8 அளவுள்ள ஒரே துகள் என்று எண்ணிவிடும். ஈயத்தின் ஒரு கோடு 12.6இல் இருக்கிறது. அவசரமாகப் பார்ப்பவர் மண்ணில் ஈயம் இருக்கிறது என்று எழுதிவிடக்கூடும். ஈயம் உண்மையில் இருந்தால் 10.55இலும் ஒரு கோடு தெரியவேண்டும் என்பதை அறிந்தவரே ஏமாறாமல் இருப்பார். அந்த 10.55இலும் ஒரு சிக்கல்: ஆர்செனிக் என்னும் நஞ்சின் முதன்மைக் கோடு 10.54இல் வந்து ஏறக்குறைய அதே இடத்தில் அமர்ந்திருக்கிறது. ஆகையால் ஒரு கோட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய துணைக்கோடுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.

இந்த நான்கையும், இன்னும் பலவற்றையும் பொறுமையாகத் திருத்தி அமைக்கிறோம். அமைத்த பிறகு செய்யவேண்டியது அவற்றைச் சேமித்து வைத்தல். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். பல செயலிகளுக்கு இரண்டு வகை நினைவு உண்டு. ஒன்று, மின்சாரம் இருக்கும்வரை மட்டும் இருக்கும் வேலை நினைவு. மற்றது, மின்சாரம் போனாலும் மறையாத நிலை நினைவு. திரையில் ஓர் எண்ணை மாற்றிக் கருவிக்கு அனுப்பியவுடன் அது வேலை செய்யத் தொடங்கிவிடும். வேலை செய்கிறதே, சேமிப்பாகிவிட்டது என்று நினைத்துவிடுவோம். நிலை நினைவில் சேர்க்கத் தனியாக ஒரு கட்டளை கொடுக்கவேண்டிய கருவிகளில், அதைக் கொடுக்க மறந்தால், மறுநாள் காலையில் கருவியை இயக்கும்போது பழைய அமைவு திரும்பி வந்திருக்கும். நேற்றைய அளவையும் இன்றைய அளவையும் ஒப்பிடுபவர், பொருள் மாறிவிட்டது என்று எண்ணுவார். மாறியது அமைவு.

ஆகவே மூன்று இடங்களில் சேமிப்பது நல்லது. முதலில் கருவியின் நிலை நினைவில். பிறகு, கணினியில் தனிக் கோப்பாக, நாளும் நோக்கமும் தெரியும்படி ஒரு பெயரிட்டு. மூன்றாவதாக, அளந்து கிடைத்த நிறமாலையோடு சேர்த்து. இம்மூன்றாவதே மிக முக்கியம். நிறமாலை ஒரு கோப்பிலும் அமைவு வேறொரு கோப்பிலுமாகப் பிரிந்து கிடந்தால், பத்து ஆண்டுகள் கழித்து எந்த அமைவில் எந்த அளவு எடுக்கப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? நல்ல மென்பொருள்கள் நிறமாலையின் எண்களோடு அமைவு முழுவதையும் ஒரே கோப்பில் எழுதிவைக்கின்றன. மோஸ்லி தம் கட்டுரையில் கையால் எழுதிய விவரத்தை இன்று கருவியே எழுதுகிறது.

சேமித்த அமைவு என்பதாலேயே அது சரியான அமைவு ஆகிவிடாது. வெப்பம் மாறினாலும் உணர்கருவியை மாற்றினாலும் பழைய எண்கள் பொருந்தாமல் போகலாம். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. இரும்பு 55 என்னும் கதிரியக்கப் பொருளைச் சிறு வில்லையில் வைத்திருப்பார்கள். அது மாங்கனீசாக மாறும்போது 5.9 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவுள்ள கதிரை வெளியிடும். ஏறக்குறைய இரண்டேமுக்கால் ஆண்டுகளில் அதன் வலிமை பாதியாகிவிடும். ஆனால் எத்தனை ஆண்டு சென்றாலும் அக்கதிரின் ஆற்றல் மாறாது. அந்த வில்லையைக் கருவிமுன் வைத்து, கோடு விழவேண்டிய பெட்டியில்தான் விழுகிறதா என்று பார்த்தால், கருவி நிலைமாறியதா என்பது உடனே தெரிந்துவிடும்.

கருவிக்குப் பக்கத்தில் ஆளே இல்லாத இடத்தில் என்ன செய்வது? 1976இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய இரு வைக்கிங் கலங்களும் எக்ஸ் கதிர் நிறமாலைக் கருவியைக் கொண்டுசென்றன. அங்குள்ள மண்ணில் இரும்பும் கந்தகமும் இருப்பதை அவை அறிவித்தன. 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் இந்தியாவின் சந்திரயான் 3 நிலவின் தென்துருவத்தை அடுத்த பகுதியில் இறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர், தமிழ்நாட்டின் விழுப்புரத்தைச் சேர்ந்த பி. வீரமுத்துவேல். அதிலிருந்து இறங்கிய பிரக்யான் என்னும் சிறு வண்டியிலும் இவ்வகைக் கருவி ஒன்று இருந்தது. நிலவு மண்ணில் கந்தகம் உண்டு என்று வண்டியின் வேறொரு கருவி காட்டியதை இக்கருவியும் உறுதிசெய்தது. நிலவில் திருகைத் திருப்ப யாரும் இல்லை. புறப்படுமுன் தீர சிந்தித்து அமைத்த அமைவும், பூமியிலிருந்து செல்லும் கட்டளையுமே அங்கே வேலை செய்தன. எந்த அமைவில் அளந்தது என்பது தெரிந்திருந்ததால்தான் அத்தனை தூரத்திலிருந்து வந்த எண்ணை உலகம் ஏற்றுக்கொண்டது.

நேயர்களே, மறுபடியும் பால் நிறுக்கும் இடத்துக்குத் திரும்புவோம். அங்கே தராசு மட்டுமா இருந்தது? பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்க்க, மெட்ரோலேக் என்னும் மிதக்கும் கண்ணாடிக் கருவியும் இருந்தது. பாலோடு குறித்த அளவு தண்ணீரைக் கலந்து, அதில் கருவியை மிதக்கவிட்டு, எந்தக் கோடுவரை முழுகுகிறது என்று பார்ப்பார்கள். தண்ணீர் கூடினாலோ குறைந்தாலோ எண் மாறும். எண் மாறினால் கூலி மாறும். விடியுமுன் எழுந்து மரம் வெட்டியவர் தம் பெயருக்கு நேரே எழுதிய எண்ணைத்தான் பார்த்தார். எவ்வளவு தண்ணீர் கலந்தார்கள் என்று கேட்கத் தெரிந்தவர் அந்நாளில் எத்தனை பேர்? கேட்கத் துணிந்தவர் எத்தனை பேர்?

கணக்குப் பாடத்தில் விடையை மட்டும் எழுதிய மாணவனிடம், வழியையும் எழுது என்று நாம் சொல்கிறோம். பிள்ளைகள் அதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். விடையை மட்டும் பார்த்தால் அது சரியா தவறா என்று பிறரால் சோதிக்க முடியாது. வழியும் இருந்தால் முடியும். கலிப்போலியில் 27 வயதில் மாண்ட ஓர் இளைஞரின் வேலையை உலகம் தொடர முடிந்ததற்கும் அதுவே காரணம்.

நகைக் கடையிலோ, மருத்துவச் சோதனைச் சாலையிலோ, வேறெங்குமோ ஒரு கருவி காட்டிய எண்ணை நம் கையில் தரும்போது, மரியாதையோடு ஒரு கேள்வி கேட்பதில் தவறில்லை: இதை எந்த அமைவில் அளந்தீர்கள், கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? நேர்மையாக அளப்பவர் அக்கேள்வியைக் கேட்டுக் கோபிக்கமாட்டார். குறிப்பேட்டைத் திறந்து காட்டுவார். அப்படிக் கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போம்.